அரிசி டப்பாவில் அந்தோணியார்

உர்சுலா: மலரு! என் அரிசி டப்பாவுக்குள்ள கைய விட்டு என்னடி தேடுற?

மலர்: ஐயோ அக்கா... அதுக்குள்ள பூசை முடிஞ்சிருச்சா?

உர்சுலா: ஃபாதருக்குக் காய்ச்சல். பிரசங்கம் வைக்காம அனுப்பிட்டாரு, புண்ணியவான். நீ பேச்ச மாத்தாத.

மலர்: அது வந்து... ஒரு கப்பு அரிசி எடுத்துக்கலாம்னு...

உர்சுலா: என் புருஷன் கிரிகரி வேலை போயி, தெனமும் வேலை தேடி அலையுறாரு. அரிசி எடுக்க உனக்கு என் வீடுதான் கெடைச்சுதா? பக்கத்து வீட்டுல உன் புருஷன் லோரி ஓட்டிச் சம்பாதிக்கல?

மலர்: தீந்து போச்சு லா...

உர்சுலா: முதுகுக்குப் பின்னால என்ன பை?

மலர்: வெறும் பை! அத விடுக்கா... இங்க பாரு, டப்பாவுக்குள்ள ஒரு சாமி செல தலைகீழா நிக்குது! கையில கொழந்தை வேற!

உர்சுலா: தொடாத! அந்தோணியாரு தண்டனையில இருக்காரு.

மலர்: என்ன தப்பு பண்ணாரு?

உர்சுலா: கிளவுஸ் கம்பெனி மூடுன அன்னிக்கே சொல்லிட்டேன். கிரிகரிக்கு வேலை தேடிக் குடுக்கற வரைக்கும் நீரு இங்கதான்னு. கேட்டது கெடைக்கலன்னா எங்கம்மா இவரச் சொவரப் பாத்துத் திருப்பி வைப்பாங்க. எனக்கு அவ்ளோ பொறுமை இல்ல.

மலர்: பாவம்க்கா, மூக்குல அரிசி போயிரும்.

உர்சுலா: போகட்டும். டப்பா காலியாகுறத அவரே கண்ணால பாக்கட்டும்னு வச்சேன். எங்க... காலியாகவே மாட்டேங்குது!

மலர்: அதிசயம்தான்!

உர்சுலா: முருகனக் கும்புடறவளுக்கு அந்தோணியாரு அதிசயம் எப்படித் தெரியும்?

மலர்: மேல எல்லாருக்கும் ஒரே ஆபீஸ்தானே லா.

உர்சுலா: கிரிகரியும் அதிசயம்னுதான் சொல்றாரு. தட்டுல சோத்தப் பாத்தா மனுஷனுக்குக் கண்ணு கலங்குது. "உர்சு, கடவுள் நம்மளக் கைவிடல"ங்கிறாரு. அந்த நம்பிக்கையிலதான் இன்னிக்கும் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போர்ட் கிள்ளானுக்கு இன்டர்வியூ போயிருக்காரு.

மலர்: கெடைச்சிரும்க்கா. நல்ல மனுஷன்.

உர்சுலா: ஆனா ஒண்ணு இடிக்குது. நான் வாங்குனது லோக்கல் அரிசி. டப்பாவுல கெடக்கறது பொன்னி.

மலர்: மோட்சத்துல... பொன்னிதான் சாப்புடுவாங்களோ என்னமோ.

உர்சுலா: பொடச்சு, கல்லு பொறுக்கி வேற வருது.

மலர்: அங்க ரெக்க வச்சவங்க எல்லாம் சும்மாதானே இருக்காங்க...

உர்சுலா: அதான் முடிவு பண்ணிட்டேன். ஃபாதருக்குக் காய்ச்சல் விட்டதும் கூட்டியாந்து டப்பாவக் காட்டப் போறேன். அவரு ஆயர்கிட்ட சொல்லுவாரு. அப்புறம் காப்பார்லேருந்து பஸ் புடிச்சு வருவாங்க. வாசல்ல மெழுகுவத்தி, பாட்டு...

மலர்: வேணாம்க்கா!

உர்சுலா: நீயே டீ வித்துக்கலாம்.

மலர்: அக்கா, வெளயாடாத! ஃபாதர்கிட்ட மட்டும் சொல்லாத... அது... நான்தான்.

உர்சுலா: நீதான் என்ன?

மலர்: நான்தான் கொட்டுனேன். இந்தப் பையில இருக்கறதும் அரிசிதான். போதுமா?

உர்சுலா: ம்.

மலர்: என்ன "ம்"? தெரியுமா உனக்கு?

உர்சுலா: அரிசி களையறப்ப செவப்பு ஒட்டுப் பொட்டு மெதந்துச்சு. அந்தோணியாரு எப்பலேருந்துடி பொட்டு வைக்கிறாரு?

மலர்: அடிப்பாவி! தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் என்னைய வறுத்த?

உர்சுலா: நேரா வந்து குடுத்திருக்கலாம்ல?

மலர்: குடுத்தா வாங்குவியா? உங்க மாதா கோயில் ஆளுங்க அரிசி மூட்டை கொண்டாந்தப்ப கேட்டுலேயே வெரட்டுனியே, நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவங்க போனதும் நீ மட்டும் தனியா நின்னு அழுத. எனக்குத் தாங்கலக்கா.

உர்சுலா: கையில வாங்கியிருந்தா செத்துருப்பேன்டி.

மலர்: அதான் திருட்டுத்தனமா... கிரிகரி அண்ணனுக்குத் தெரிய வேணாம்.

உர்சுலா: தெரிஞ்சா ஒடஞ்சிருவாரு. அவருக்கு அது கடவுள் குடுத்ததாவே இருக்கட்டும். பொய்யும் இல்லையே.

மலர்: மன்னிச்சிருக்கா. நீ பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன அன்னிக்குப் பின்கதவு கிரில் பூட்டாமக் கெடந்துச்சு. அப்புறம் பாத்தா தெனமும் மறந்துட்டுப் போற. அந்தத் தைரியத்துலதான்...

உர்சுலா: மொத நாளு நெஜமாவே மறந்துதான் போனேன். மறுநாள்லேருந்து பூட்டக் கழட்டி வச்சிட்டுல்ல போறேன். ஞாயித்துக்கெழமைக்கே எந்திரிக்காதவ, தெனமும் காலையில பூசைக்கு எதுக்குடி ஓடுறேன்?