உன் இஷ்டம்மா

...அதான் சொல்றேன் ஷ்ரவண்ணா, என்னை மொறைக்காதே! மொறைக்கணும்னா அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவப் போய் மொறை. எங்க சைபர் கஃபே மூலைல, ஃபேனுக்கு அடில, தேமேன்னு ஒக்காந்துண்டிருக்கு. ஆட்டோ பையா, தீரே சலோ, மெள்ளப் போப்பா! மாப்பிள்ளைய முழுசா கொண்டு சேக்கணும்... ஆமாண்ணா, மாப்பிள்ளை நீதான். இரு, சொல்றேன்.

மொதல்ல ஆரம்பிச்சது யாரு? நீ! அமெரிக்காலேர்ந்து ஃபோன் பண்ணி, "வெங்கி, ஞாயித்துக்கெழமையானா அம்மா சாட்ல வந்து உயிர வாங்கறா, என் பேர்ல பதில் சொல்ல ஒரு ப்ரோக்ராம் எழுதுடா"ன்னியா இல்லியா? நான் காலேஜப் பாதில விட்டவன்தான், ஆனா விஸ்வாசி. எழுதினேன். "சாப்டியா"ன்னா "சாப்டேம்மா". "குளிரா"ன்னா "ஆமாம்மா". ஒண்ணும் புரியலேன்னா, "ஏம்மா அப்படித் தோணறது?" அவ்ளோதான் அதோட மூளை! எங்காத்து மிக்ஸிக்கே இதவிட ஜாஸ்தி, சூடானா தானா நின்னுடும்.

ஆனா உங்கம்மா, காமாக்ஷி மாமி, சொக்கிப் போயிட்டா! "எம்பிள்ளைக்கு இப்பதான் வாயே தொறந்திருக்கு"ன்னு ஆர்.கே.புரம் பூரா பெருமை. மூட்டு வலிக்கறதுன்னு எழுதினாளாம், "ஏம்மா அப்படித் தோணறது?"ன்னு கேட்டுதாம். அழுதுட்டா. உங்கம்மாவ நீ எப்பவாவது... சரி சரி, ஜன்னலப் பாரு.

அப்பறம் பொண்ணு பாக்க ஆரம்பிச்சா. "ஒரு ஜாதகம் வந்திருக்கு, பாக்கட்டுமா?" "உன் இஷ்டம்மா." "பொண்ணு பேரு மேதா, உங்கிட்ட பேசட்டுமா?" "உன் இஷ்டம்மா." பேசினாண்ணா! சாட்ல, மாசக்கணக்கா! எங்கிட்டயே வந்து சொல்றா, "வெங்கி, வந்த பசங்கள்லாம் அவா சம்பளத்தப் பத்தியே பேசினா. இவர் ஒருத்தர்தான் என்னைப் பேச விட்டார், எது சொன்னாலும் ஏன்னு கேக்கறார்"ங்கறா. நான் என்னத்தச் சொல்ல? புரியலேன்னாதான் அது ஏன்னு கேக்கும்னா? அவ அப்பா போனப்போ அழுக வரலயாம் அண்ணா. அத ஆத்துல ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லியாம். அந்த டப்பாகிட்ட சொல்லியிருக்கா.

என்ன பார்வை? நிறுத்தியிருக்கலாமேவா? நிறுத்தினா நீ செத்துட்டேன்னு மாமி தர்ப்பையத் தேடியிருப்பா!

போன மாசம் நீ என்ன சொன்னே? "அடுத்த மாசம் மொத வியாழக்கெழமை ஆஃபீஸ் வேலையா டெல்லி வரேன், அம்மாகிட்ட அந்த ப்ரோக்ராமையே சொல்லச் சொல்லு." சொல்லித்து. "அப்போ அன்னிக்கே நிச்சயதார்த்தத்த வெச்சுடலாமா"ன்னு மாமி கேட்டா. டப்பா என்ன சொல்லும்? நீயே சொல்லு... அதேதான். க்வார்ட்டர்ஸ் புல்வெளில ஷாமியானா பந்தல் போட்டாச்சு. சமையக்காரர் நேத்தே வந்து ஜாங்கிரி பிழிய ஆரம்பிச்சுட்டார்.

சரி... ஒண்ணு மட்டும். அந்த "உன் இஷ்டம்மா" நீ கேட்டதில்ல. நான் போட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத சோம்பல்ணா. எங்கம்மாகிட்டேர்ந்து தப்பிக்க நான் தெனம் சொல்றது அதான். கைக்கு வந்தது, அதையே தட்டிட்டேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, "முடியாதும்மா"ன்னு சொல்ல அதுக்குக் கத்துக்குடுத்திருக்கணும். ஆனா அது எனக்கே தெரியாதே!

பாத்தியா, முனிர்கா ரெட் லைட். இன்னும் அஞ்சே நிமிஷம், ஆத்துக்குப் போயிடலாம். அண்ணா? கதவ ஏன் தொறக்கறே? அண்ணா, பெட்டி! உன் பெட்டிண்ணா! அரே, பஸ்ஸுக்கு நடுவுல ஓடறானே... பையா, நீ ஏன் சிரிக்கறே?

ஐயோ, செல் அடிக்கறது. மாமி.

ஹலோ... வந்துண்டே இருக்கோம் மாமி... குடுக்கவா? அவன்... கண்ணசந்துட்டான் மாமி... என்னது, மேதா வாசல்லயே வந்து நிக்கறாளா?... உங்களுக்கு மனசு என்னமோ பண்றதா?... ஏன் மாமி அப்படித் தோணறது?

...சாப்டேன் மாமி.

...உங்க இஷ்டம் மாமி.