கடன்காரங்க இந்தப் பக்கம்

— கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி... இது கடன்காரங்க பெஞ்சுதானே?

— ஆமாம்மா. கடன்காரங்கல்லாம் இந்தப் பக்கம்னு கோர்ட்டு டவாலி கத்தினாரு. அதான் உக்காந்தேன்.

— எந்தக் கடன்காரங்க? குடுத்தவங்களா, வாங்கினவங்களா?

— அது... சொல்லலியே.

— நல்ல பேச்சு போங்க! குடுத்தவனும் கடன்காரன், வாங்கினவனும் கடன்காரன். நமக்கெல்லாம் பணம் தரவேண்டிய அந்த ரொட்டிக்கடைக்காரன் வந்து நம்ம மடியிலயே உக்காந்தாலும் தெரியாது.

— உங்களுக்கு என்ன வியாபாரம்மா?

— எங்களுக்கு மாவு மண்டி. எங்க வீட்டுக்காரர் நடத்தினது. இப்ப அவர் படுக்கையில, நான்தான் பாத்துக்கறேன். ஒன்றரை வருஷமா மூட்டை மூட்டையா மாவு வாங்கிட்டு, கடைசியில மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் அந்தப் புண்ணியவான். உங்களுக்கு எவ்வளவு தரணும்?

— எனக்கா... கணக்கெல்லாம் உள்ள இருக்கும்மா.

— கமுக்கமான ஆளுதான்! நான் விடப்போறதில்ல. ஜட்ஜு கேட்டதும் ஆட்சேபணைன்னு சொல்லப்போறேன். வீட்டைப் பொண்டாட்டி பேர்ல எழுதி வெச்சுட்டு, திவால்னு வந்து நிப்பானுங்க. தெரியாதா?

— எழுதலம்மா. வீடு ஏலத்துக்குப் போகுது.

— போகுதா?

— மாவு பிசையற மெஷின், வண்டி எல்லாமே. அப்புறம் நாலு வருஷம் அவர் வேலைக்குப் போய் வாங்கற சம்பளத்துல ஒரு பங்கைக் கோர்ட்டு பிடிச்சு எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கும். மீதி தள்ளுபடி.

— நோகாம சொல்றீங்க, தள்ளுபடின்னு! அது எங்க பணம் தம்பி.

— உங்க பணம்தான். பாதிக்குமேல திரும்பி வராது. வரும்னு சொன்னா பொய்.

— அப்புறம் இதுல என்ன நியாயம்?

— இத்தனை நாளும் யாரு வாசல்ல வந்து கத்தினாங்களோ அவங்களுக்குத்தான் காசு போச்சு. ஒரு வட்டிக்காரனுக்குக் குடுக்க இன்னொருத்தன்கிட்ட வாங்கி... கத்தாதவங்ககிட்ட கையை விரிச்சாச்சு. இனிமே கத்தினாலும் கத்தலன்னாலும் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்.

— எங்க வீட்டுக்காரர் கத்த மாட்டார்.

— ஒருநாள்கூடக் கத்தலம்மா. மூட்டையை நிறுத்தவும் இல்ல. அடுப்பு அணையக்கூடாதுப்பான்னு மட்டும் சொல்லுவாராம். மத்தவங்ககிட்ட பட்ட கடன்கூடப் பரவால்ல, அப்படி ஒரு மனுஷன்கிட்ட பட்டதுதான்... தாங்க முடியல.

— யாருக்கு?

— ரொட்டிக்கடைக்காரருக்கு.

— ஓ... ராத்திரியோட ராத்திரியா ஓடியிருக்கலாமே அவன்? எத்தனை பேர் ஓடறான்!

— ஓடத்தான் பாத்தார். பெட்டிகூடக் கட்டியாச்சு. வேலையாளுங்க காலையில வந்து பூட்டைப் பாத்துட்டு நிப்பாங்களேன்னு தோணிச்சு. பெட்டியைப் பிரிச்சுட்டு வக்கீல்கிட்ட போனார்.

— போய்... என்னால முடியலன்னு வாய்விட்டுச் சொன்னானாக்கும்.

— ஆமா.

— ஊர் பாக்க, இத்தனை பேர் முன்னாடி. அதுக்கும் ஒரு தைரியம் வேணும் தம்பி. எனக்கெல்லாம் வராது.

— தைரியமா! கை நடுங்குதும்மா அவருக்கு.

— அது தெரியுது... நான் ஆட்சேபணை சொன்னா என்னாகும்?

— மாசக்கணக்கா இழுக்கும். ஒரு இடத்துல வேலை தரேன்னிருக்காங்க, அது கை நழுவிடும். ஆனா கேக்கறது உங்க உரிமை. அவர் தப்பா நினைக்க மாட்டார்.

— பாருங்க, மனுதாரர் வரலாம்னு கூப்பிடறாங்க.

— அம்மா... மன்னிச்சிடுங்க. நான்தான் அந்த...

— தெரியும். வாசல்லயே எங்க வக்கீல் உங்களைக் காட்டிட்டார். பக்கத்துல உக்காந்து, தெரியாத மாதிரியே ஜாடையா நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு, அப்புறம் உள்ள போய் ஆட்சேபணை சொல்லணும்னுதான் வந்தேன். கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு, அது போதும். எந்திரிங்க... நிமிர்ந்து போங்க தம்பி.