திக்காம ஓடணும்

— சத்தத்தை விடுங்க தம்பி. படம் திக்காம ஓடணும், எங்களுக்கு அவ்வளவுதான் வேணும்.

— நான் சொல்றதக் கேளுங்க சார். முப்பது பேருக்குப் பெட்டி போட்டுக் குடுத்த கடை இது. டிவி பக்கத்துல வைக்கிற கம்ப்யூட்டர்ல ஃபேன் ‘கொய்’னு கத்தினா, எப்பேர்ப்பட்ட படத்தையும் உக்காந்து பாக்க முடியாது. இந்தக் குட்டிப் பெட்டியில ஃபேனே கிடையாது.

— கத்தினா கத்திட்டுப் போகட்டும்.

— சரி, ஸ்பீக்கர்?

— வேண்டாம். டிவியவே சத்தமில்லாமதான் வெச்சிருக்கோம்.

— ஃபோர்-கே கேட்டு வந்துட்டு சவுண்டே வேண்டாம்ங்கறீங்க. என்ன சார், ஊமைப் படமா பாக்கப் போறீங்க?

— ஒரு வகையில அப்படித்தான். என் சம்சாரம் இவளுக்குக் காது கேக்காது. இவ அம்மாவுக்கும் கேக்காது. அத்தை வாராவாரம் கையால பேசி வீடியோ அனுப்புவாங்க. அதைப் பாக்கத்தான் பெட்டி.

— ஐயோ, மன்னிச்சிடுங்க சார். அக்கா, நீங்களும் மன்னிச்சிடுங்க. என் வாய் இருக்கே, அதுக்குப் பூட்டே கிடையாது.

— அவ சிரிக்கிறா பாருங்க. வாயசைவை வெச்சே பாதி புரிஞ்சுக்குவா. உங்க மன்னிப்பு போய்ச் சேந்துடுச்சு.

— இப்ப இருக்கற பெட்டிக்கு என்னாச்சு?

— அத்தை கூட இருக்கற மச்சான் புது போன் வாங்கினான். அதுல எடுத்து அனுப்ப ஆரம்பிச்சதுல இருந்து எங்க பழைய பெட்டி திணறுது. விரல் இங்க இருக்கும், கண்ணை மூடித் திறந்தா அங்க இருக்கும். நடுவுல பேசினதக் காணோம்.

— அதான் சங்கதி. நான் சொல்றதக் கேளுங்க. புது போன் விநாடிக்கு அறுபது படம் எடுத்து, புது மாதிரியா சுருக்கி வைக்குது. அதைப் பிரிச்சு விரிக்கிற வித்தை பழைய சிப்புக்குத் தெரியாது. முடிஞ்ச வரைக்கும் முக்கும், முடியாததக் கீழ போட்டுட்டு ஓடும்.

— அப்ப பெரிய கிராபிக்ஸ் கார்டு போடணுமா?

— அது கேம் ஆடறவங்களுக்கு சார், வீண் செலவு. இந்தக் குட்டிப் பெட்டியோட சிப்லயே அந்த வித்தை இருக்கு. எட்டு ஜிபி ராம் தாராளம். நல்ல கேபிளா போட்டு, டிவியையும் அறுபதுல வெச்சா தண்ணி மாதிரி ஓடும்.

— நிச்சயமா? ஏன்னா, அத்தைக்குக் கை நடுங்குதுன்னு இவ ஒரு மாசமா சரியா சாப்பிடல. அவங்களுக்குக் கைதான் தம்பி பேச்சு. பெட்டிதான் திக்குது, உங்கம்மா கை நல்லாத்தான் இருக்குன்னு நான் அடிச்சு சொல்லிட்டேன்.

— மச்சானைக் கேட்டீங்களா?

— ஒண்ணுமில்லங்கறான். அவன் என்னைக்கு எதைச் சொல்லியிருக்கான்?

— போன்ல போட்டுப் பாத்தீங்களா?

— எங்க போனும் அரதப்பழசு. அதுலயும் திக்குது.

— வீடியோவக் கையோட கொண்டுவந்திருக்கீங்களா?

— பென் டிரைவ்ல இருக்கு. இந்தாங்க.

— இந்தப் பெரிய டிவியிலயே போடறேன். அக்கா, முன்னாடி வந்து உக்காருங்க... ஆ, வந்துடுச்சு. பாருங்க சார், அம்மாவுக்குப் பின்னாடி ஜன்னல் திரை ஆடுதே, ஒரு வெட்டு இருக்கா? பூனை ஒண்ணு குறுக்க போகுது, அதோட மீசை வரைக்கும் தெரியுது. வீடியோ பாக்க இதுக்கு மேல ஒரு பெட்டி கிடையாது. நான் சொல்றதக்...

— ஏன் தம்பி பேச்சை நிறுத்திட்டீங்க?

— சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. அக்கா நம்ம வாயைப் பாக்க வேண்டாம்.

— ம். சொல்லுங்க.

— பூனை சீரா நடக்குது சார். திரை சீரா ஆடுது. ஒரு படம்கூட விழல.

— தெரியுது தம்பி.

— கை மட்டும்தான்...

— தெரியுது. நானும் பாத்துட்டேன்.

— அக்கா உங்க தோளைத் தட்டறாங்க சார். கையால ஏதோ சொல்றாங்க. என்ன சொல்றாங்க?

— இதைவிட நல்ல பெட்டி இருக்கான்னு கேக்கறா.