எட்டு கிராமும் இருபத்திரண்டு கிராமும்

நம் நுகர்வோர் சங்கத் தலைவர் வழக்கறிஞர் நாராயணி அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் ஸாவித்ரி அம்மா அவர்களே, ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மில் தோழர்களே, ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம். பால்கோவா கடை பால்பாண்டி பேசுகிறேன். இவனுக்கு இங்கே என்ன வேலை என்று உங்களில் பாதிப் பேர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. செத்த நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா அழகியமணவாளன் அவர்கள் மறைந்து இன்றோடு பதினோரு நாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சோதனைக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் நூலை எடை போட்டவர். ஓய்வு பெற்ற பிறகாவது அந்தக் கை சும்மா இருந்ததா? ஞாயிறுதோறும் நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு எலக்ட்ரானிக் தராசு. வாங்கின சாமானை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து எடை பார்க்கலாம். ஒரு தடவை கருத்தம்மாள் கொண்டுவந்த உளுந்தம்பருப்பு நாற்பது கிராம் குறைந்தது. ஐயா அந்தக் கடைக்கே கூடப் போனார். சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, உங்க தராசுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே" என்றார். பருப்பு வந்துவிட்டது.

எதைப் பற்றித்தான் அவருக்குக் கருத்து இல்லை? சோப்பு ஏன் இடுப்பில் இளைத்துக்கொண்டே போகிறது? பிஸ்கட் பாக்கெட்டில் விலை அசையாமல் இருக்க, பிஸ்கட் மட்டும் எங்கே போகிறது? செல்போன் ரீசார்ஜ் இருபத்தெட்டு நாளில் தீர்ந்துபோனால் நேரே ஜோயல் தம்பி கடைக்குப் போவார். "ஏலே ஜோயல், உங்க கம்பெனி காலண்டர்ல பிப்ரவரியைத் தவிர வேற மாசமே கெடையாதா?" ஜோயல் தம்பி அங்கே சிரிக்கிறார், பாருங்கள்.

அவருக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. யார் சொன்னது? டீக்கடையில் பணம் வந்துவிட்டது என்று சத்தம் போடும் பெட்டியை அவர் மாதிரி ரசித்தவர் கிடையாது. "வாங்குன காசை ஊரே கேக்கச் சொல்லுது. நிறுக்கிற எடையையும் இப்படிச் சொன்னா எம்புட்டு நல்லாருக்கும்!" என்பார்.

இனி நான் மேடையேறிய காரணத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தி, தீபாவளி நேரம். ஐயா என் கடையில் அரைக்கிலோ பால்கோவா வாங்கினார். வீட்டில் பெட்டியோடு எடை போட்டால் சரியாக ஐந்நூறு கிராம். மறுநாள் அதைப் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, காலிப் பெட்டியை எடை போட்டிருக்கிறார். முப்பது கிராம். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டார்: பால்பாண்டி கடையில் பெட்டியையும் சேர்த்தே நிறுக்கிறார்கள், முப்பது கிராம் அட்டைக்குப் பால்கோவா விலை கொடுக்கிறோம் என்று.

எனக்கு வந்ததே கோபம். ஞாயிற்றுக்கிழமை பத்துப் புதுப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய் அவர் மேஜையில் கொட்டினேன். "போடுங்க எடை! எங்க கடையில பெட்டியச் சேத்து நிறுக்கிற வழக்கமே கெடையாது" என்று கத்தினேன். ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் இருபத்திரண்டு கிராம். கூட்டம் சிரித்தது. ஐயா தன் பழைய பெட்டியை எடுத்து உள்ளே விரலால் தேய்த்துப் பார்த்தார். "நெய் ஊறியிருக்கு. எட்டு கிராம். ஈர நூலை எடை போடக் கூடாதுன்னு மில்லுல எல்லாருக்கும் சொன்னவன் நானு" என்றார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கடை வாசலில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெட்டி முப்பது கிராம் என்று எழுதியது என் பிழை. வருந்துகிறேன்." ஒரு மணி வரை நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் முழுப் புகாரும் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "தம்பி, எட்டு கிராம் என் தப்பு. சொல்லிட்டேன். இருபத்திரண்டு கிராம் உங்களோடது. அத நீங்கதான் சொல்லணும்."

பெரியோர்களே, என் கடையில் பெட்டியைச் சேர்த்துத்தான் நிறுத்தோம். இலையில் கட்டுவதை விட்டு அட்டைப்பெட்டிக்கு மாறிய நாள் முதல் ஆறு வருஷம் அப்படித்தான். அவர் சொன்ன மறுவாரமே பெட்டியைக் கழித்து நிறுக்க ஆரம்பித்தேன். ஆனால் ஊருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் அவருக்கு 'முப்பது கிராம்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பது பேர் வந்த மேஜைக்கு நாலு பேர் வந்தார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார். மாதம் ஒரு தடவை என் கடைக்கு வருவார், அரைக்கிலோ வாங்குவார், "நல்லாருக்கு தம்பி" என்பார். ஒருநாளாவது ஞாபகப்படுத்தினாரா? இல்லை. எட்டு கிராமுக்கு அவர் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். இருபத்திரண்டு கிராமுக்கு நான் மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஸாவித்ரி அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "அவிய இருக்கையில சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள்.

மேஜை நிற்காது. வருகிற ஞாயிறு முதல் ஸாவித்ரி அம்மா அங்கே உட்காருகிறார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு வருவது என் வேலை. திருடன் கையில் சாவியா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள், எனக்கு அது வேண்டியதுதான். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அன்றைக்கு ஐயாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று வீடு திரும்பும் வழியில் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: அழகியமணவாளன் சொன்னது நிஜம், பால்பாண்டி சொன்னதுதான் பொய்.