இறங்காத கோடு

ஐயா, கேக் வெட்டிக் கொண்டாடிய அன்று அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையின் தலைப்பக்கத்தில் எங்கள் உளவியல் ஆய்வை நடத்தும் மேடம். அவருக்கு வலப்பக்கம் ஆலோசகர். கதவோரம் கேக் கத்தியோடு நான். எதிர்ச்சுவரில் எங்கள் கோடு.

மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் எத்தனை காலம் நலமாயிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு அது. யாருக்காவது நோய் திரும்பினால் ஒரு படி இறங்கும். எங்களுடையதோ மேசைப் பலகைபோல் மட்டமாய்க் கிடந்தது.

"யோவ் கணக்குப்புலி, என்னய்யா மந்திரம் போட்ட?" என்றார் ஆலோசகர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மந்திரமெல்லாம் இல்லை. மாதந்தோறும் எல்லோரையும் போனில் விசாரிப்பது என் வேலை. நோய் திரும்பியவர் கோட்டை இறக்குவார். தொடர்பு விட்டுப்போனவர் இறக்கமாட்டார். சத்தமில்லாமல் கணக்கிலிருந்து விலகிக்கொள்வார். இப்படிக் கோடு போடும் கணக்குமுறையான உயிர்வாழ்வுப் பகுப்பாய்வில் உலகமே கடைப்பிடிக்கும் விதி இது. நான் குரலை மட்டும் கவனித்தேன். குரல் தளர்ந்தால் மறுமாதம் கூப்பிடமாட்டேன். அவர்கள் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். பொய்யாக ஓர் எண்கூட எழுதியதில்லை. தொடர்பு உண்மையாகவே விட்டுப்போனது.

தையல்கார அக்கா ஒருவர் இருந்தார். "தம்பி, மெஷின்ல உக்காரவே முடியல. ஊசியில நூல் கோக்குறப்பவே அழுகை வருது. மேடம்கிட்ட கொஞ்சம் சொல்றியா?"

"சொல்றேங்க்கா."

சொல்லவில்லை. சொன்னால் ஒரு படி. அதன்பிறகும் அழைத்துக்கொண்டே இருந்தார், விடாப்பிடியான மனுஷி.

கேக் வெட்டும்போதும் அழைத்தார். மேசைமேல் போன் துள்ளியது. "யாருப்பா அது? எடுத்துப் பேசேன்" என்றார் மேடம்.

"ராங் நம்பர் மேடம்." கவிழ்த்து வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். வாய் நிறைய கிரீமோடு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறுவாரம் அக்காவின் கணவர் வந்தார். "இங்க தம்பின்னா யாருங்க? எடுப்பான், எடுப்பான்னு போனைக் கையிலயே வச்சிருந்தா. போய்ச் சேர்ந்தப்பவும் கையிலதாங்க இருந்துச்சு."

ஏன் செய்தாய் என்று உங்கள் விசாரணைக் குழு கேட்கிறது. அந்த அறையில் எல்லோரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்று நீங்கள் பார்க்கவில்லை, ஐயா. அக்காவின் சாவைக் கோட்டில் சேர்க்கச் சொல்கிறீர்கள். முறைப்படி அது முடியாது. சாகும்போது அவர் எங்கள் கணக்கிலேயே இல்லை.

இந்தக் கடிதத்தின் உறைக்குப் பசை தடவிவிட்டேன். ஆய்வுப் போனை இன்னும் யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை, இதோ அடிக்கிறது. மளிகைக்கடை அண்ணன். போன மாதமே குரல் சரியில்லை. உறையின் பின்புறம் இந்த வரியை எழுதி முடித்ததும் தபால்பெட்டிவரை நடந்துவிட்டு வருவேன். அதற்குள் தானாக நின்றுவிடும்.