காயாத ரப்பர்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்... இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். தொழிற்பேட்டைச் சாலையில் ஈ காக்கை இல்லை. மச்சான் மட்டும் தனியாக நடந்து போகிறான்.

ரப்பர் கம்பெனியில் சோதனை போடுகிறவன் அவன். பனிப் பிரதேசத்து வண்டிகளுக்குப் பெட்ரோல் குழாய் செய்யும் கம்பெனி. ரப்பர் துண்டை மூன்று நாள் பெட்ரோலில் ஊறவைக்க வேண்டும். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். அப்புறம்தான் குளிர்ப்பெட்டி, மைனஸ் ஐம்பது. அதில் வளைத்தால் உடையக் கூடாது. ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் உறிஞ்சிவிடும். ஈரம் இருக்கும்வரை அந்தப் பெட்ரோலே இளக்கிக் காட்டும், தெரியாது... காய்ந்தால்தான் குட்டு வெளிப்படும்.

முதலாளி அவசரப்படுத்தினார். மச்சான் ஈரத்தோடே வளைத்தான். வளைந்தது. ‘உலர்த்தியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் குழாய் போட்ட வண்டியைத்தான் பனிப் பிரதேசத்தில் டிரைவராக இருந்த அவன் தம்பி ஓட்டினான். நடுப் பனியில் குழாய் உடைந்து வண்டி நின்றது. மறுநாள் தேடிப் போனவர்கள் கண்டபோது குழாயைப் பொத்திப் பிடித்தபடி விறைத்துக் கிடந்தான், பாவி மகன்.

பெற்றவளிடம்கூட மச்சான் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை விசாரணை. சோதனையில் மீந்த துண்டுகள் குளிர்ப்பெட்டியில் கிடந்தன; இப்போது வளைத்தால் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை எடுத்து எறியத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை!

பெட்டியின் பிளக்கை வெள்ளிக்கிழமையே பிடுங்கியிருந்தார்கள். வயர் தரையில் கிடந்தது. ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக உறைந்திருந்தது. குப்பென்று பெட்ரோல் வாடை. உள்ளே... டொக். டொக். டொக். அவசரமே இல்லாமல்.

திறந்தான். கையை விட்டுத் துழாவினான். ஒரு துண்டு அகப்பட்டது. இழுத்தான்... வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

“அண்ணே... இப்ப நல்லாக் காஞ்சிருச்சு. வளைச்சுப் பாரு.”

படக்.

விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினான். அம்மா பதறிப்போய் அவன் வலது கையைப் பிடித்தாள். பேனா பிடிக்கும் மூன்று விரல்களும் விறைத்திருந்தன. மோந்து பார்த்தாள்.

“ஏன்டா... சின்னவனைக் கொண்டு வந்தப்போ அவன் கையும் இப்படித்தான்டா இருந்துச்சு. இதே வாடை.”

அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினான். மறுநாள் விசாரணையிலும் சொன்னான். வாக்குமூலத்தில் கையெழுத்துக்குப் பதில் இருப்பது இடது கைப் பெருவிரல் ரேகை. அந்த மூன்று விரல்களும் இன்றுவரை வளையவில்லை.