பரளச்சி வெடிப்பயிற்சிக் களத்தின் சாவியை இறக்கி வைக்கும் தங்கமாரி அம்மையாருக்கு

செங்கொடி ஏற்றிய செங்கரத்தவரே! சீறும் வெடிக்கும் சினக்கும் அதிகாரிக்கும் ஒரே குரலில் "நில்லுங்க" என்று சொன்னவரே! கருவேலங்காட்டின் நடுவே, கரிசல் வெயிலின் கீழே, முப்பத்தொரு ஆண்டுகள் கண்ணிமைக்காமல் காவல் நின்ற எங்கள் களக் காவல் மேற்பார்வையாளரே! பணி நிறைவு காணும் இந்நன்னாளில், உடன் உழைத்த நாங்கள் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

கணவரைப் பஸ் விபத்தில் இழந்து, கருணை அடிப்படையில் கடைநிலை ஊழியராக இக்களத்துக்குள் கால் வைத்தீர்கள். பாலங்களையும் சுவர்களையும் வெடி வைத்துத் தகர்க்கப் படைவீரர்கள் பயிலும் இடத்தில், தகரக் கூடாதவை எவை என்று தாங்கள் பயின்றீர்கள். நான்கு மூலையிலும் செங்கொடி, மூன்று வழியிலும் காவலர், வாசலில் ஆளுக்கொரு பித்தளை வில்லை. கொடுத்த வில்லைகளின் எண்ணிக்கையும் பதுங்குகுழிக்குள் இருக்கும் தலைகளின் எண்ணிக்கையும் ஒத்துவந்த பிறகே வெடிப்பெட்டியின் சாவி தங்கள் இடுப்பிலிருந்து இறங்கும். தங்கள் கையில் சாவி இருந்த எந்த நாளிலும் ஒருவர் விரலில்கூடக் கீறல் விழவில்லை. என்னே தங்கள் எச்சரிக்கை! என்னே தங்கள் ஏகாக்கிரதை!

இதுவரை எழுதியது எளிதாக இருந்தது. இனி எழுதுவது இம்மடலை எழுதும் ஜெகதீஸ்வரனாகிய என்னைப் பற்றியது. படையில் பதினேழு ஆண்டுகள் வெடிமருந்தோடு பழகிவிட்டு, இக்களத்தின் மூத்த வெடி நுட்பராக வந்தவன் நான். பதவியில் தங்களுக்கு மேல், படிப்பில் மேல், சம்பளத்தில் மேல். ஆனாலும் வந்த முதல் நாளிலிருந்து தங்கள் மேல் பொறாமை கொண்டேன். "எல்லாம் தயார்" என்று நான் அறிவித்தால், குழிக்குள் இருக்கும் வீரர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். "அக்கா சொல்லட்டும்" என்பார்கள். வெடி வைக்கத் தெரிந்தவன் நான். நம்பிக்கை மட்டும் கொடி கட்டுகிறவருக்கு!

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி காத்திருக்க, கருவேல மரத்தில் ஒரு துண்டு தொங்குகிறது என்று சொல்லிச் சாவியைத் தர மறுத்தீர்கள். ஆடு மேய்க்கிறவர் துண்டு, ஆளைக் காணோம். இரண்டு மணி நேரம் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினோம். கடைசியில் துண்டுக்காரர் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் மருமகளைப் பார்க்கப் போயிருந்தது தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"ஆளே இல்லாத துண்டுக்கு ரெண்டு மணி நேரமாக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஆளு இல்லன்னு இப்பத் தெரியுது தம்பி. அப்பத் தெரியலையே," என்றீர்கள். குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை.

அதிகாரி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஜீப்பில் ஏறுமுன், "இந்த அம்மா இருக்கிற களத்துக்குத்தான் என் ஆட்களை அனுப்புவேன்" என்று சொல்லிப் போனார். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

பிறகு அந்த ஆவணி மாதம் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், தங்கள் மகள் தீபலட்சுமியின் திருமணத்துக்காக, முதன்முறையாக மூன்று நாள் விடுப்பு எடுத்தீர்கள். சாவி என் இடுப்புக்கு வந்தது. திருமணத்தன்று காலை ஒரு பழைய கான்கிரீட் சுவருக்கு வைத்த வெடி வெடிக்காமல் போயிற்று. விதியைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்: வெடி தவறியதை அறிவிக்கும் எச்சரிக்கைச் சைரன் ஒலித்த பிறகு முழுதாக முப்பது நிமிடம் யாரும் நெருங்கக் கூடாது; திரி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கலாம். பார்வையாளராக வந்தவர்கள் மதுரையில் விமானம் பிடிக்க வேண்டும் என்று கைபிசைந்தார்கள். நீங்கள் இல்லாமலும் களம் நடக்கும், இன்னும் வேகமாகவே நடக்கும் என்று காட்ட ஆசைப்பட்டேன். என்னை உந்தியது விமானம் அல்ல, அக்கா. அந்த ஆசைதான்.

இருபத்தொன்றாவது நிமிடத்தில் பயிற்சியாளர் உதயகுமாரைக் கூட்டிக்கொண்டு சுவரை நோக்கி நடந்தேன். பாதி வழியில் அது வெடித்தது. அவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். புழுதி அடங்குவதற்குள் அவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தேன். உயிர் பிழைத்தார்; இடது காது போயிற்று. முப்பது நிமிடம் காத்திருந்ததாகப் பதிவேட்டில் எழுதினேன். தோழரைக் காத்த துணிவுக்காக எனக்கு நற்சான்றிதழ் தந்தார்கள். செய்தித்தாளில் படம் வந்தது.

விடுப்பு முடிந்து வந்ததும், "எத்தன நிமிசம் நின்னீக?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"முப்பது."

அடுத்த வாரமே ஒரு புது ஏற்பாடு செய்தீர்கள். வெடி வெடிக்காமல் போனால், குழியின் கதவை வெளியிலிருந்து காவலர் பூட்டிவிடுவார். அரை மணி நேரம் ஆன பிறகுதான் திறப்பார். அது என்மேல் போட்ட பூட்டு என்று பொருமினேன். விபத்தைத் தடுத்தவர் என்று தங்களைப் பாராட்டி ஒரு காகிதமும் வந்ததில்லை. விபத்தை உண்டாக்கிய எனக்கோ வந்தது. அப்போதும் பொறாமைப்பட்டது நான்தான்! அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டிய நாள் முதல், தங்களைப்போல் நிம்மதியாகத் தலைநிமிர்ந்து நடப்பவரைக் கண்டாலே எரிந்தது.

உதயகுமார் இப்போது திருச்சுழியில் உரக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிதோறும் "உயிர் குடுத்த அண்ணன்" என்று இனிப்போடு வருவார். போன மாதம் இந்த மடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அவர் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார். வெகுநேரம் மூட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"என் கையிலயும் வாட்ச் இருந்துச்சுண்ணே. நானும் பாத்தேன். நீங்க பெரியவுக, தெரிஞ்சுதான் போறீகன்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "இனி தீவாளிக்கு நான் வரல. கோவம் கொஞ்ச நாளைக்கு இருக்கும்," என்றார்.

அங்கிருந்து நேரே பரளச்சியில் உள்ள தங்கள் வீட்டுக்கு வந்தேன். நான் வாயைத் திறந்ததும் கையமர்த்தினீர்கள்.

"தெரியும் தம்பி. கல்யாண மண்டபம் களத்துலருந்து நாலு கிலோமீட்டர்தான. சைரன் கேட்டுச்சு. வெடிச்சத்தமும் கேட்டுச்சு. நடுவுல இருபத்தொரு நிமிசம்."

உள்ளே போய்த் திருமண ஆல்பத்தை எடுத்து வந்து காட்டினீர்கள். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். சுற்றி நிற்கும் அத்தனை முகங்களும் மணமகளைப் பார்க்கின்றன. பெற்ற தாயார் மட்டும் குனிந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"அப்பவே ஏன் மேலிடத்துக்கு எழுதலக்கா?"

"எழுதியிருக்கணும். அது என் தப்பு. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். நாலு வருசம் ஆகும்னு நெனைக்கல."

அந்தப் படத்தைப் பார்த்தபோதும் எனக்கு வந்தது பொறாமைதான், அக்கா. மகளின் தாலிகட்டுக்கு நடுவிலும் எங்கள் உயிரை எண்ணிக்கொண்டிருக்க ஒருவரால் முடிகிறது. குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த என்னால் ஒன்பது நிமிடம் பொறுக்க முடியவில்லை. ஆனால் முதன்முறையாக அந்தப் பொறாமை தங்களைக் கீழே இழுக்க விரும்பவில்லை. தங்கள் பக்கத்தில் வந்து நிற்க விரும்பியது.

இன்று காலை, நடந்தது முழுவதையும் எழுதி, நற்சான்றிதழோடு சேர்த்துக் களத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். விசாரணை வரும். வேலை இருக்குமா என்று தெரியாது. இந்த மடலைச் சக ஊழியர்களுக்கு முன்கூட்டியே படித்துக் காட்டினேன். வாசல் காவலர் வெள்ளைத்தாய் மட்டும், "பாராட்டு மடல்ல இதெல்லாம் எழுதுவாகளாண்ணே?" என்று கேட்டார். வேறெப்படிப் பாராட்டுவது என்று கேட்டேன். பேனாவை வாங்கி, முதல் ஆளாகக் கையெழுத்திட்டார்.

காக்கும் கடமையைக் கண்ணாகக் கொண்டவரே! தங்கள் உடல் வலுவும் உள்ளத் தெளிவும் பல்லாண்டு பெருகுக! காலை வெயில் ஏறும்வரை உறங்கும் சுகமும், சோறு ஆறுமுன் உண்ணும் சுகமும் இனியேனும் தங்களைச் சேர்க! அடுத்த மாதம் பேத்திக்குக் காதுகுத்து என்று எல்லோரையும் அழைத்திருக்கிறீர்கள். அன்று களத்தில் பயிற்சி உண்டு. பாதிப்பேர்தான் வர முடியும். ஒருவேளை சைரன் கேட்டால், பந்தியிலிருந்து எழுந்துவிடாதீர்கள், அக்கா. இங்கே நாங்கள் முழு அரை மணி நேரமும் நிற்போம்.

தங்கள் சொல்லுக்காகக் காத்து நின்று பழகிய,
களப் பணியாளர்கள் அனைவரும்,
அவர்களோடு, அவர்கள் அனுமதித்தால், ஜெகதீஸ்வரனும்.